பார்க்கப் போகும் ஊரை விவசாயியே தேர்ந்தெடுக்க வேண்டும்

"உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை" என்று கிராமங்களில் ஒரு பழமொழி உண்டு. ஊருக்குப் போவதே தவறு என்று பெரியவர்கள் சொல்லவில்லை. எந்த நாளில் போவது, எதற்காகப் போவது என்று யோசித்துப் போகச் சொன்னார்கள். விவசாயிகளை வெளியூர்களுக்கு அழைத்துச் சென்று காட்டும் கண்டுணர் பயணங்களுக்கும் இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும்.

வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை, அதாவது "அட்மா" திட்டத்தின் கீழ் மாவட்டத்திற்குள்ளும், மாநிலத்திற்குள்ளும், வெளி மாநிலங்களுக்கும் விவசாயிகள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். இது நல்ல திட்டம். அடுத்தவர் வயலைக் கண்ணால் பார்ப்பது பத்து கூட்டங்களில் உட்கார்ந்து பேச்சைக் கேட்பதைவிட மேல். ஆனால் எந்த ஊருக்குப் போவது என்பதை யார், எப்படி முடிவு செய்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இந்தியா பெரிய நாடு. மழையும், மண்ணும், சந்தையும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பெயர் பெற்ற ஊர் என்பதற்காக மட்டும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தால், பார்த்தவை எல்லாம் வேடிக்கையாகவே முடிந்துவிடும். சில சமயம் அதைவிட மோசமாகக் கடனிலும் முடியும்.

நான்கு நாளின் விலை

வாடிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும், பத்து இருபது தென்னையும், இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் நான்கு நாள் ஊரில் இல்லை என்றால், வாய்க்காலில் தண்ணீர் வரும் முறை நாளில் மடை திறக்க ஆள் வேண்டும். மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும். பால் கறந்து சங்கத்துக்கு ஊற்ற வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். இல்லையென்றால் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். பேருந்துச் செலவையும் சாப்பாட்டையும் அரசு ஏற்றுக்கொண்டாலும், அந்த நான்கு நாளின் விலையை விவசாயிதான் கொடுக்கிறார். ஆகவே, எந்த ஊருக்குப் போவது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

செலவைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. வெளியூரில் ஒரு புதிய பயிர் செழிப்பாக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் நகையை அடகு வைத்து அதே பயிரைப் போடுவது. 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெனிலா விலை உச்சத்தில் இருந்தது. மடகாஸ்கரில் விளைச்சல் பாதிக்கப்பட்டதே அதற்குக் காரணம். கேரளத்திலும் கர்நாடகத்திலும் தோட்டங்களைப் பார்த்தவர்கள் கொடியை வாங்கி நட்டார்கள். கொடி காய்ப்புக்கு வருவதற்குள் விலை சரிந்துவிட்டது. காட்டாமணக்கும் அப்படித்தான் வந்து போனது. ஈமு கோழிப் பண்ணைகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் போட்ட முதல் 2012-ல் என்ன ஆயிற்று என்பது கொங்குப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பண்ணைகளுக்குப் போனவர்கள் பறவையைப் பார்த்தார்கள். அதை யார் வாங்குகிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

மூன்று கேள்விகள்

ஓர் ஊரின் பெயர் பட்டியலில் வந்தால், அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வாடிப்பட்டி வட்டத்துக்குள்ளேயே இரண்டு விதமான விவசாயம் இருக்கிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பாசனத்தில் 45,041 ஏக்கர் இருபோகப் பரப்பாகும். அந்த வாய்க்காலை ஒட்டியவர்களுக்கு நெல்லும், வாழையும், தென்னையும், சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. சிறுமலை அடிவாரத்திலும் சாத்தையாறு அணைப் பக்கத்திலும் இருப்பவர்கள் மழையையும் கிணற்றையும் நம்பியவர்கள். இந்த இரு தரப்பாரையும் ஒரே பேருந்தில் ஏற்றி ஒரே ஊருக்கு அனுப்பினால் ஒரு தரப்புக்காவது பயன் இராது. வாய்க்கால்காரர் வாய்க்கால் பாசன ஊருக்கும், கிணற்றுக்காரர் கிணற்றுப் பாசன ஊருக்கும் போக வேண்டும்.

இரண்டாவது, அங்கே ஒருவருக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது? இருபது ஏக்கர்காரர் இயந்திரம் வாங்கிப் போட்டுச் செய்யும் விவசாயத்தை ஒன்றரை ஏக்கர்காரர் பார்த்து ஏங்கலாம், செய்ய முடியாது. முன்னோடி விவசாயி என்று காட்டப்படுகிறவருக்கு வேறு வருமானம் இருக்கிறதா, மானியம் எவ்வளவு கிடைத்தது, மானியம் இல்லாமல் அடுத்த வீட்டுக்காரர் அதே பயிரைச் செய்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. அடுத்த வீட்டுக்காரரும் செய்கிறார் என்றால் அது நம்பத்தக்கது.

மூன்றாவது, அங்கே விளைந்ததை எங்கே விற்கிறார்கள்? பக்கத்தில் ஓர் ஆலையோ, பெரிய நகரமோ, கூட்டுறவுச் சங்கமோ இருப்பதால் ஓடுகிற பயிர், அவை இல்லாத ஊரில் ஓடாது. பயிரைப் பார்க்கப் போகும்போது சந்தையையும் சேர்த்துப் பார்க்காத பயணம் அரைகுறைப் பயணம்.

பக்கத்தில் இருப்பதை முதலில்

தூரத்து ஊர்களின் பட்டியலைத் தயாரிக்கும் முன், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக் கூடிய இடங்களைப் பார்த்து முடித்துவிட வேண்டும். மதுரை ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 1965 முதல் இருக்கிறது. வைகை அணைக்கு அருகில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இவை இந்தப் பக்கத்து வெயிலிலும் தண்ணீரிலும் பயிரை வளர்த்துப் பார்க்கும் இடங்கள். அங்கே நன்றாக வரும் ரகம் வாடிப்பட்டியிலும் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

நெல்லுக்கு ஆடுதுறை பெயர் பெற்ற இடம். அங்குள்ள நிலையம் 1922-ல் தொடங்கப்பட்டது. ஆடுதுறை ரகங்கள் தமிழகம் முழுவதும் வயலில் நிற்கின்றன. அங்கே போவது நல்லதுதான். ஆனால் காவிரிப் படுகையின் களிமண் வேறு, வைகைக் கரை மண் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ரகத்தை அங்கே பார்க்கலாம். உரம், தண்ணீர், நடவுப் பருவம் ஆகியவற்றுக்கு ஒத்தக்கடை நிலையத்தின் யோசனையைக் கேட்பதே சரி.

வாழைக்காரர்கள் திருச்சியில் 1993-ல் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்குப் போகலாம். ஒரே நாளில் பார்த்துத் திரும்பி விடலாம். கொடிக்கால்காரர்களுக்கு அதே திருச்சிப் பக்கம் சிறுகமணி இருக்கிறது. கரும்பு ஆராய்ச்சி நிலையமாக இருந்தாலும், வெற்றிலையில் சிறுகமணி 1 என்ற ரகம் வெளிவந்த இடம் அது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெயர் கிடைத்தால் போதாது, அழுகலுக்கும் வாடலுக்கும் வழி தெரிய வேண்டும். அதற்கு இப்படி ஒரு நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்து கேட்பதே உதவும்.

தென்னைக்காரர்கள் பொள்ளாச்சிக்கும் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கும் போக வேண்டும். செழிப்பான தோப்பைப் பார்க்க மட்டும் அல்ல. சுருள் வெள்ளை ஈ 2016-ல் தமிழகத்தில் முதலில் தென்பட்டது அந்தப் பக்கத்தில்தான். ஓலையின் அடியில் வெள்ளை வட்டங்கள், கீழே உள்ள ஓலையில் கரும்பூசணம் என்று தோப்பு தோப்பாகப் பரவியபோது அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள், எதில் பணம் வீணாயிற்று என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். மருந்தை அள்ளித் தெளித்தால் ஈயைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளும், என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து அழிகின்றன. மஞ்சள் ஒட்டுப் பொறி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, ஒட்டுண்ணியைக் காப்பது ஆகியவையே நிலையங்கள் சொல்லும் வழி. அனுபவப்பட்ட விவசாயி சொன்னால் இது மனத்தில் பதியும்.

பயிரைப் பார்ப்பதுபோல் சந்தையைப் பார்க்கவும் ஒரு பயணம் வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை கிட்டத்தில் இருக்கிறது. கேரளத்துக்குப் போகும் லாரிகளில் எந்தத் தரத்துக் காய் ஏறுகிறது, எது ஒதுக்கப்படுகிறது, விலை எந்த நேரத்தில் ஏறி எந்த நேரத்தில் இறங்குகிறது என்று ஒரு நாள் நின்று பார்த்தவர், அடுத்த பட்டத்தில் என்ன விதைப்பது என்று தாமே முடிவு செய்வார். வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் தேங்காய் ஏலத்தை உள்ளூர்க்காரரே எத்தனை பேர் முழுதாக இருந்து பார்த்திருக்கிறார்கள் என்பதும் கேட்கத் தக்க கேள்வி.

தூரத்து ஊர் எதற்கு?

அப்படியானால் தூரத்துக்கே போக வேண்டாமா என்று கேட்கலாம். போக வேண்டும். கிணற்றுத் தவளையாக இருந்தால் விவசாயம் வளராது என்று சொல்கிறவர்களின் வாதத்திலும் உண்மை உண்டு. ஒற்றை நாற்று நடவு முறை எங்கிருந்து வந்தது? மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லொலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கியது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, காயவிட்டுப் பாய்ச்சும் தண்ணீர் என்ற அந்த முறை, 2000-ஐ ஒட்டித் தமிழகத்தில் சோதிக்கப்பட்டு, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் பரவியது. கடல் கடந்து வந்தாலும், முதலில் இங்குள்ள நிலையங்களில் சிறு பாத்தியில் பார்த்த பிறகே வயலுக்கு வந்தது. தூரத்து விஷயத்தை எடுத்துக்கொள்ளும் முறை அதுதான்.

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ல் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பஞ்சாபில் "அப்னி மண்டி"யும், அதே 1999 ஜனவரியில் ஆந்திரத்தில் "ரைத்து பஜாரு"ம் வந்துவிட்டன. விவசாயி நேராக விற்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு மாநில எல்லை கிடையாது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. பயிரையும் ரகத்தையும் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டையும் கூட்டு முயற்சியையும் வேண்டுமானால் தூரத்தில் பார்க்கலாம். மண்ணும் மழையும் மாறினாலும் மனிதர்கள் கூடிச் செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவர முடியும்.

அப்படிப் பார்க்க ஓர் ஊரைச் சொல்ல வேண்டுமானால் மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரைச் சொல்லலாம். முன்னர் அகமத்நகர் என்றும், இப்போது அகில்யாநகர் என்றும் வழங்கும் மாவட்டத்தில் இருக்கிறது. மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான். மதுரைப் பக்கம் சராசரியாகப் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி. பிழைப்பைத் தேடி மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர் அது. போபட்ராவ் பவார் 1989-ல் ஊராட்சித் தலைவரான பிறகு, ஊரார் கூடிக் குன்றுகளில் வரப்பு வெட்டினார்கள், மரம் வைத்தார்கள், ஆடுமாடுகளைக் கண்ட இடத்தில் மேயவிடுவதை நிறுத்தினார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, கரும்பும் வாழையும் வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, மிச்சம் பயிருக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் குறைந்தால் அந்தப் பருவத்தில் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரை விட்டுவிடுகிறார்கள். பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சிறுமலை அடிவாரத்தில் அடுத்த கிணற்றைவிட ஆழமாகத் துளை போட்டுக் கடனாளியாகிறவர்கள் பார்க்க வேண்டிய ஊர் அது. அங்கிருந்து விதை வாங்கி வரத் தேவையில்லை, இயந்திரம் வாங்கி வரத் தேவையில்லை. ஊர் கூடிப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தால் போதும். ஆனால் ஒருவர் இருவர் போய்ப் பயனில்லை. ஒரே ஊரிலிருந்து ஊராட்சித் தலைவரும், கிணறு உள்ளவரும், கிணறு இல்லாதவரும் சேர்ந்து போனால்தான் திரும்பி வந்து பேச முடியும்.

பஞ்சாபுக்குப் போக விரும்புகிறவர்கள் பலர். போனால் இரண்டையும் பார்க்க வேண்டும். விளைச்சலை மட்டும் பார்த்துத் திரும்பக் கூடாது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால் 2009-ல் அங்கே சட்டமே போட்டார்கள். ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்று அந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது. ஐந்து ஆறுகளின் நாட்டில் அப்படி ஒரு நிலை ஏன் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, கோதுமை வயலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிடப் பயன் தரும்.

கையில் எதையும் எடுத்து வர வேண்டாம்

வெளியூர் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பார்த்த இடத்தில் நல்ல வாழைக் கன்றோ, தென்னம்பிள்ளையோ இருந்தால் இரண்டைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வரும் வழக்கம் இருக்கிறது. இது ஆபத்தானது. வாடிப்பட்டியிலிருந்து பார்த்தால் தெரியும் சிறுமலையின் கதையே போதும். அங்கேயும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழைத் தோட்டங்கள் முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தன. அந்த நோய் அசுவினிப் பூச்சியாலும், நோய் கண்ட தாய் மரத்தின் கன்றாலும் பரவுவது. பார்வைக்கு நன்றாக இருக்கும் கன்றிலும் நோய் இருக்கலாம். கேரளத்திலும் அதன் எல்லை மாவட்டங்களிலும் தென்னையில் வேர் வாடல் நோய் இருக்கிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அந்தப் பக்கத்துத் தென்னம்பிள்ளையை இங்கே கொண்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். நடவுக்கு வேண்டியதை அரசுப் பண்ணையிலோ, சான்று பெற்ற நாற்றங்காலிலோ வாங்குவதே பாதுகாப்பு.

யார் போவது, எப்போது போவது?

நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. ஆண்கள் மட்டும் போய் ஒற்றை நாற்று நடவைப் பார்த்துவிட்டு வந்து, "இனி இப்படி நடுங்கள்" என்று சொன்னால் நடவுக்காரப் பெண்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? கை பழகியவர்கள் பார்த்தால்தான் அது வயலுக்கு வரும். ஆகவே பேருந்தில் பாதி இடமாவது பெண்களுக்கு இருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களும், மாடு உள்ளவர்களும் வர வேண்டுமானால் ஒரு நாள் பயணங்களே தோது. பக்கத்து ஊர்களை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். போன ஆண்டு போனவர்களே இந்த ஆண்டும் போவதும் நிற்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு முறை என்று ஊரிலேயே வரிசை வைத்துக்கொள்ளலாம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். அணையில் இருப்பு இருந்து ஜூன் மாதம் தண்ணீர் திறந்துவிட்டால் இருபோகப் பாசனத்தில் நாற்றும் நடவுமாக யாருக்கும் ஓய்வு இராது. அப்போது பயணம் வைத்தால் வேலை இல்லாதவர்கள்தான் வருவார்கள். நிதியாண்டு முடிகிறது, பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று அவசரமாகப் புறப்படும் பேருந்திலும் பயன் இல்லை. போகிற இடத்தில் பயிர் வயலில் நிற்கும் நாளாகவும், இங்கே வேலை ஓய்ந்த நாளாகவும் பார்த்துத் தேதி வைக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலைக் காட்டி, "இங்கேதான் நன்றாக விளைந்தது" என்று சொல்வதால் என்ன பயன்?

வழியில் கோயிலோ அருவியோ இருந்தால் ஒரு மணி நேரம் நிற்பதில் குற்றமில்லை. மக்கள் மனமகிழ்ச்சியும் வேண்டும். ஆனால் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மணியும் அருவியில் அரை நாளும் ஆனால், அதற்குக் கண்டுணர் பயணம் என்று பெயர் வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

வேளாண்மைத் துறை அலுவலர்கள் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு ஆள் தேடுவதற்குப் பதிலாக, ஊர்க் கூட்டத்தில் ஒரு கேள்வியை வைக்கலாம்: "இந்த ஆண்டு உங்கள் பயிரில் விடை தெரியாத பிரச்சினை எது?" அதற்கு வரும் பதிலை வைத்து, அந்தப் பிரச்சினையைத் தீர்த்த ஊரையோ, அதை ஆராயும் நிலையத்தையோ தேடித் தருவது துறையின் வேலை. இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரும்பி வந்தவர்களுக்கும் கடமை உண்டு. ஒரு வாரத்துக்குள் ஊர்ச் சாவடியிலோ, பால் சங்கத்திலோ, பார்த்ததையும் செலவையும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிய முறையையோ ரகத்தையோ எடுத்த எடுப்பில் முழு வயலிலும் போடாமல், ஐந்து சென்டில் ஒரு போகம் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து சென்ட் பொய்த்தால் குடும்பம் தாங்கும். ஒன்றரை ஏக்கரும் பொய்த்தால் தாங்காது.

பெரிய விவசாயி ஒரு முறை தவறினால் அடுத்த ஆண்டு சரி செய்துகொள்வார். சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் அடுத்த முறை பேருந்து வாசலுக்கு வரும்போது, ஏறுவதற்கு முன் எந்த ஊருக்கு, எதற்கு, எந்த நாளில் என்று வாடிப்பட்டி விவசாயிகள் கேட்கட்டும். பதில் திருப்தியாக இருந்தால் மகிழ்ச்சியோடு ஏறட்டும். இல்லையென்றால் அந்த நான்கு நாளும் சொந்த வயலின் மடையில் நிற்பதே நல்லது.